பழுது காணும் முறை

முன்னுரை

கிணற்றில் நீர் முகக்கச் சென்றான் ஒருவன். கயிற்றை இழுத்தான், வாளி வெறிதே மேலே வந்தது. உடனே அவன், "கிணறு வற்றிவிட்டது" என்று ஊரெங்கும் கூறித் திரிந்தான். ஊரிற் பெரியவர் ஒருவர் அமைதியாகச் சென்று நோக்கினார். கிணற்றில் நீர் இருந்தது. வாளியின் அடியில் இருந்ததோ ஓர் ஓட்டை. வாளி வெறிதே வருவதற்குக் காரணங்கள் பல உண்டு. கயிறு நீளம் குறைந்திருக்கலாம். வாளி ஓட்டையாய் இருக்கலாம். கிணறே வற்றியும் இருக்கலாம். இவற்றுள் எது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து தெளிபவனே அறிவுடையவன். ஆராயாது முடிவு கூறுபவன் தானும் இடர்ப்பட்டுப் பிறரையும் இடர்ப்படுத்துவான்.

விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி வட்டத்தைச் சார்ந்த மல்லாங்கிணறு என்பது தன் பெயரிலேயே கிணற்றை உடைய ஊர். வானம் பார்த்த கரிசல் நிலம் சூழ்ந்த இப்பகுதியில், கிணற்றின் அருமையை அறியாதார் இலர். இக்காலத்து மாணவர்க்கு வேறொரு கிணறும் வாய்த்திருக்கின்றது. இணையம் என்னும் அறிவுக் கிணறே அது. அதிலிருந்து முகப்பதற்கு உதவும் கயிறோ கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகாத கயிறு அறுந்துவிட்டால், அறுந்த இடத்தைக் காண்பது யாங்ஙனம்? அதனை உணர்த்துவதே இப்பாடத்தின் நோக்கம்.

கம்பியில்லாக் கயிறு

மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை 1888-ஆம் ஆண்டளவில் செருமானிய அறிஞர் ஹெர்ட்ஸ் தம் சோதனைகளால் நிலைநாட்டினார். நம் நாட்டு அறிஞர் சகதீச சந்திர போசு, 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவ்வலைகளைக் கொண்டு ஓர் அரிய காட்சியை நிகழ்த்திக் காட்டினார். கம்பி யாதும் இன்றி, இடையே சுவர்கள் இருக்கவும், தொலைவில் இருந்த மணி ஒலித்தது, வெடிமருந்து தீப்பற்றியது. வெடிமருந்தோடு நாள்தோறும் பழகும் சிவகாசிப் பகுதி மாணவர்களாகிய நீங்கள் இச்செய்தியைப் பெருமிதத்தோடு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அன்று போசு பயன்படுத்தியவை மிகக் குறுகிய அலைகள். இன்று நம் இல்லங்களில் 'வைஃபை' என வழங்கும் இணைப்பும் அவ்வினத்தைச் சார்ந்த குறுகிய அலைகளாலேயே நடைபெறுகின்றது. இதற்குரிய பொது விதிமுறை 1997-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இவ்விணைப்பில் மிகுதியாகப் பயன்படும் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவினது. அஃதாவது, ஒரு நொடியில் 240 கோடி முறை அதிர்வது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், ஒரு சாணிற் பாதிக்குச் சற்றே மேல். இவ்வலைவரிசையைத் தனி உரிமம் பெறாமலே எவரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் இசைவு அளித்தது. அதனாலன்றோ சிற்றூர்களிலும் இவ்விணைப்பு எளிதாகப் பரவிற்று!

லினக்ஸ் என்னும் திறந்த நூல்

கணினி இயங்குவதற்கு அடிப்படையான மென்பொருளை இயங்குதளம் என்பர். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஓர் இயங்குதளத்தின் உட்கருவை எழுதி, அதனை யாவரும் காணவும் திருத்தவும் வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று. அதுவே லினக்ஸ் என வழங்குவது. அதன்மீது உலகெங்கும் உள்ள அறிஞர் பலர் கூடி உழைத்து, பல்வேறு வகையான இயங்குதளங்களை ஆக்கியுள்ளனர். அவற்றுள் 1993-இல் தோன்றிய டெபியன் என்பது ஒன்று. அதனை அடிப்படையாகக் கொண்டு, நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை அமைத்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

தமிழ்நாட்டு அரசு, மேனிலைப்பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அம்மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இடம் பெற்றிருந்தது. ஏழை உழவரின் குடிலிலும், பட்டாசுத் தொழிலாளியின் இல்லத்திலும் லினக்ஸ் புகுந்தது இவ்வாறே.

லினக்ஸின் தனிச்சிறப்பு யாதெனின், அது தன் உள்ளத்தை ஒளியாதது என்பதே. எதனைச் செய்தது, எதனைச் செய்ய முயன்று இயலாது போயிற்று என்பவற்றை அது குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டே செல்கின்றது. கேட்கத் தெரிந்தவனுக்கு விடை கூறுகின்றது. ஆயின் முறையாகக் கேட்டல் வேண்டும்.

மல்லாங்கிணற்றில் ஒரு மாலை

இனி யான் நேரிற் கண்டதொரு நிகழ்ச்சியைக் கூறுவேன். யான் கணினிக் கல்வி கற்றவன் அல்லேன், இலக்கணம் கற்றவன். பணி நிறைந்த பின்னர், பழைய நூல்களைத் தட்டச்சிடும் பொருட்டே கணினியிடம் சென்றேன். அது கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸால் இயங்கியமையின், அதன் குணங்களைச் சிறிது சிறிதாக அறிந்தேன்.

2018-ஆம் ஆண்டு. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு முதன்முதலாக இணைய வழியில் நடைபெற்ற ஆண்டு அது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் துறைகளையும் வரிசைப்படுத்தி, குறித்த நாளுக்குள் இணையத்திற் பதிவு செய்தல் வேண்டும். அந்நாள்களுள் ஒன்றில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, தன் தமையனுக்கு முன்னர் அரசு வழங்கிய மடிக்கணினியை மார்போடு அணைத்தவண்ணம் என் இல்லத்திற்கு வந்தாள். அவள் தந்தையார் பட்டாசுத் தொழிலாளி. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயா, என் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய இன்று மாலையே இறுதி. நேற்று முதல் இக்கணினியில் இணைப்பு வரவில்லை. பழுது நீக்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் திறந்தும் பாராமல், 'வைஃபை அட்டை எரிந்துவிட்டது. புதிது வாங்குதல் வேண்டும்' என்று கூறிவிட்டார். அதற்குரிய பணம் எங்களிடம் இல்லை" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தை நோக்கினேன். மணி மூன்றரை. எஞ்சியிருந்தவை நான்கு நாழிகையே. என் கணினியோ பழுதுற்று மதுரைக்குச் சென்றிருந்தது. பேருந்துக்குக் காத்திருந்து விருதுநகர் சென்று, அங்கும் வரிசையில் நிற்பதற்குப் பொழுது போதாது. அவள் நான்காண்டுக் கல்வியோ, ஏன், வாழ்வின் போக்கே அந்த நான்கு நாழிகையைப் பற்றி நின்றது.

"அம்மா, கலங்காதே. எரிந்துவிட்டது என்பது முடிவு. அம்முடிவுக்குச் சான்று எங்கே? முதலில் ஆராய்வோம். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்" என்றேன்.

ஆறு உறுப்புகள்

ஒரு சொல்லின் இயல்பை அறிய வேண்டின், இலக்கணம் கற்றோர் அதனைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காண்பர். அது போலவே, கம்பியில்லா இணைப்பையும் ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காணலாம் என்று அவளுக்குக் கூறினேன். அவள் தாளில் எழுதிக் கொண்டாள்: 1. அட்டை. 2. இயக்கி. 3. தடைப்பொத்தான். 4. பிணைப்பு. 5. முகவரி. 6. பெயர்வழி.

இவற்றுள் முன்னது சரியாய் இருந்தாலன்றிப் பின்னது இயங்காது. ஆதலின் முதலாவதிலிருந்தே தொடங்குதல் வேண்டும். நடுவிலிருந்து தொடங்குபவன், விடிவிளக்கில் எண்ணெய் இல்லாதிருக்கத் திரியைக் குறை கூறுபவனை ஒப்பான்.

முதலாவது அட்டை. அலைகளை அனுப்பவும் பெறவும் கணினியினுள் அமைந்த மின்னணு உறுப்பு அது. கணினியில் 'முனையம்' என்னும் கட்டளைப் பலகையைத் திறந்து, 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடச் செய்தேன். கணினியோடு பிணைந்துள்ள உறுப்புகள் பலவற்றை அது வரிசையாக உரைக்கும். அவ்வரிசையில் கம்பியில்லா அட்டையின் பெயர் தெளிவாகக் காணப்பட்டது. செயலற்று எரிந்துபோன அட்டை தன் பெயரை உரைப்பது அரிது. "அம்மா, எரிந்ததாகக் கூறப்பட்டது தன் பெயரைத் தானே சொல்கின்றது, பார்!" என்றேன். அவள் முகத்தில் முதன்முறையாக ஒளி தோன்றியது.

இரண்டாவது இயக்கி. அட்டைக்கும் உட்கருவுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பாளன் போல் உதவும் நிரலை இயக்கி என்பர். அட்டைகள் பலவற்றுக்கு, அவற்றின் உள்ளே ஏற்றப்பட வேண்டிய 'பர்ம்வேர்' என்னும் உள்ளுறை நிரலும் வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் பலர்க்கு இடர் விளைப்பது இவ்விடமே. உள்ளுறை நிரல்கள் பல, அட்டை செய்யும் நிறுவனங்களின் தனியுடைமை. மூலத்தைத் திறந்து காட்டாதவை. கட்டற்ற மென்பொருளையே போற்றும் டெபியன் குழுவினர், நெடுங்காலம் அவற்றைத் தம் நிறுவு வட்டில் சேர்க்காது தனியே வைத்திருந்தனர். ஆதலின் புதிதாக நிறுவிய கணினியில், அட்டை இருந்தும் இணைப்பு இராது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியனின் 12-ஆம் பதிப்பு முதல் அவற்றைச் சேர்த்தே வழங்குகின்றனர். இக்குறை உள்ளதா என அறிய, உட்கருவின் குறிப்பேட்டைக் காட்டும் 'டி-மெசேஜ்' என்னும் கட்டளை உதவும். உள்ளுறை நிரல் கிட்டவில்லையாயின், எக்கோப்பு கிட்டவில்லை என்று அதன் பெயரையே அக்குறிப்பேடு கூறிவிடும். அம்மாணவியின் கணினியில் அத்தகைய குறை யாதும் காணப்படவில்லை. அவள் தாளில் இரண்டாம் எண்ணுக்கு நேரே, 'நன்று' என எழுதினாள்.

மூன்றாவது தடைப்பொத்தான். வானூர்தி முதலியவற்றில் செல்லும்போது அலைகளை நிறுத்தி வைப்பதற்காக, மடிக்கணினிகளில் ஒரு பொத்தான் அமைந்திருப்பதுண்டு. 'ஆர்.எப்.கில் லிஸ்ட்' என்னும் கட்டளை, தடை உண்டா இல்லையா என்பதைக் கூறும். தடை இருவகைப்படும். மென்பொருளால் இடப்பட்டது மென்தடை. அதனைக் கட்டளையாலேயே நீக்கலாம். பொத்தானால் இடப்பட்டது வன்தடை; அதனைக் கையால்தான் நீக்க இயலும். அக்கட்டளையை இட்டவுடன், 'வன்தடை: ஆம்' என்று திரை கூறிற்று. கணினியின் பக்கவாட்டை விரலால் தடவினோம். நகத்தளவே உள்ளதொரு நழுவு பொத்தான், பையினுள் திணித்தபோது நகர்ந்துவிட்டது போலும்! அதனை மீண்டும் நகர்த்தினோம். 'வன்தடை: இல்லை' என்று விடை வந்தது. எரிந்ததாகச் சொல்லப்பட்ட அட்டையின் நோய் இவ்வளவே. அந்த நகத்தளவுப் பொத்தானை நோக்காமையால், ஏழைக் குடும்பம் ஒன்று கடன் வாங்கி அட்டை வாங்க இருந்தது!

இடையில் நின்ற சுவர்

பழுது நீங்கியது என்று எண்ணி அவள் இணையப் பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. "ஐயா, மீண்டும் இல்லையே!" என்று தளர்ந்தாள். "நாம் மூன்றாம் படியில்தான் நிற்கின்றோம், எஞ்சிய மூன்றையும் பார்ப்போம்" என்றேன். ஒரு நோய் நீங்கினால் எல்லா நோயும் நீங்கிற்று என்று கருதுதல் கூடாது. ஒரே உடம்பில் இருநோய் இருத்தலும் உண்டு.

நான்காவது பிணைப்பு. 'ரூட்டர்' என வழங்கும் திசைவி, தன் பெயரை அலைகளின் வாயிலாக இடையறாது அறிவித்துக் கொண்டிருக்கும். கணினி அப்பெயரைக் கேட்டு, உரிய கடவுச்சொல்லைக் கூறி, அதனோடு பிணைப்புக் கொள்ளும். இங்கு நோக்க வேண்டுவன இரண்டு. ஒன்று, கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மயங்காமை. மற்றொன்று அலையின் வலிமை. வலிமையை டெசிபல் கணக்கில், கழித்தற் குறியோடு கூறுவர். -50 என்பது மிக நன்று. -80-ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். இவ்வளவை பத்து குறையுந்தோறும் அலையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று அறிக. ஆதலின் -50-க்கும் -80-க்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

நாங்கள் பின்கட்டில் அமர்ந்திருந்தோம். திசைவியோ முன்கூடத்தில் இருந்தது. இடையே ஒன்றரை அடிக் கனத்த பழஞ்சுவரும், அதனை ஒட்டி இரும்புப் பேழை ஒன்றும் நின்றன. திரை -78 என்று காட்டியது. இரும்பு அலைகளைத் திருப்பிவிடும்; கனத்த சுவர் உறிஞ்சிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையாயின் சுவரைக் கடப்பது இன்னும் அரிது. நாங்கள் எழுந்து முன்கூடத்திற்குச் சென்றோம். எண் -47 ஆயிற்று. பிணைப்பும் உறுதியாயிற்று. எனினும் இணையப் பக்கம் திறக்கவில்லை. மணி நான்கை நெருங்கியது.

ஐந்தாவது முகவரி. மடல் வந்து சேர வேண்டின் வீட்டுக்கு முகவரி வேண்டும். அது போலவே வலையில் ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆகிய முகவரி வேண்டும். அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாய் அமையும்; ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். வந்து சேர்ந்த கணினிக்கு, 'இவ்வெண்ணை இத்தனை காலம் வைத்துக்கொள்' என்று திசைவியே முகவரி வழங்கும். 'ஐ.பி. அட்ரஸ்' என்னும் கட்டளை அதனைக் காட்டும். முகவரியே இல்லையாயினும், அது 169.254 எனத் தொடங்கினும், திசைவியிடமிருந்து முகவரி கிட்டவில்லை என்று உணரலாம். அவள் கணினியில் 192.168.1 எனத் தொடங்கும் முறையான முகவரி இருந்தது.

அடுத்து, திசைவியை அழைத்துப் பார்த்தோம். 'பிங்' என்னும் கட்டளை, மறுமுனையை நோக்கிக் குரல் கொடுத்து விடை வருகின்றதா எனக் காண்பது. 1983-ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை இயற்றினார். நீருக்குள் மறைந்துள்ள கப்பலை எதிரொலியால் கண்டறியும் கருவியின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. திசைவி உடனே விடை கூறிற்று. பின்னர், கூகிள் நிறுவனம் 2009 முதல் பொதுப் பயனுக்கு வழங்கிவரும் நான்கு எட்டுகளாலாகிய முகவரியை அழைத்தோம். அதுவும் விடை கூறிற்று. "அம்மா, உன் குரல் ஊரையும் நாட்டையும் கடந்து உலகிற்குச் சென்று மீள்கின்றது. கயிறு அறவில்லை" என்றேன்.

"அவ்வாறாயின் பக்கம் ஏன் திறக்கவில்லை?" என்று வினவினாள். அவ்வினாவே ஆறாம் படியின் வாயில்.

இரண்டாம் நோய்

ஆறாவது பெயர்வழி. மக்கள் இணையத்தளங்களைப் பெயரால் அழைக்கின்றனர். கணினிகளோ எண்ணாலன்றி அறியா. பெயரைக் கூறினால் எண்ணைக் கூறும் ஏற்பாடு ஒன்று வேண்டுமன்றோ? 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் அதனை வகுத்தார். ஊரில் ஒருவர் வீட்டைத் தேடி வருபவர் தெருமுனையில் உள்ளவரிடம் வினவுவது போல, கணினியும் பெயரைச் சொல்லி எண்ணை வினவும். விடை கூறும் பொறுப்புடைய கணினியைப் பெயர்ச்சேவையகம் என்பர். தெருமுனையில் ஆள் இல்லையாயின், தெரு இருந்தும் வீடு கிட்டாது.

எண்ணால் அழைத்தால் விடை வருகின்றது. பெயரால் அழைத்தால் வரவில்லை. ஆகவே பழுது ஆறாம் உறுப்பிலேதான் என்பது தெளிவாயிற்று. கணினி எந்தப் பெயர்ச்சேவையகத்தை வினவுகின்றது என்று கோப்பைத் திறந்து நோக்கினோம். அங்கே எங்கள் திசைவியின் எண் இல்லை. 10 எனத் தொடங்கும் வேறோர் எண் இருந்தது. அது ஏதோ ஓர் அலுவலகத்தின் உள்வலைக்கு உரியது போலும். எங்கள் ஊரில் அதற்கு விடை கூறுவார் எவர்?

"இவ்வெண்ணை இங்கே இட்டது யார்?" என்று கேட்டேன். மாணவி தலை குனிந்தாள்.

"நான்தான் ஐயா. நேற்று இணைப்பு வாராதபோது, தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். தம் கணினியில் உள்ள எண்ணையே இடச் சொன்னார். இட்டேன். பயன் இல்லை. பின்னர் வேறு சிலவற்றையும் மாற்றினேன். எவற்றை மாற்றினேன் என்பதே இப்பொழுது நினைவில்லை" என்றாள்.

மாணவர்களே, இதனை ஊன்றி உணருங்கள். முதல் நோய் நகத்தளவுப் பொத்தானால் விளைந்தது. இரண்டாம் நோயோ, ஆராயாது கொடுத்த மருந்தால் விளைந்தது. முதலாவது தானே நீங்கியிருந்தாலும் இரண்டாவது நீங்கியிராது. பழுதைத் தேடுவோர் பலர், தாம் உண்டாக்கிய பழுதுகளினூடேயே பின்னர் வழி தெரியாமல் தடுமாறுகின்றனர்.

அவளை யான் கடிந்துரைக்கவில்லை. கலக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டியதை அசைத்துப் பார்ப்பது இயல்பு. தன் பிழையை ஒளியாது கூறியமையால்தான் காரணம் விரைவில் உறுதியாயிற்று. இணைப்பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கையால் இட்ட எண்ணை நீக்கி, 'தானியங்கி' என்பதைத் தெரிவு செய்தோம். இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் பிணைத்தோம். கலந்தாய்வின் பக்கம் திரையில் மலர்ந்தது. அப்போது மணி நான்கேகால்.

அவள் தன் பட்டியலைப் பொறுமையாக வரிசைப்படுத்தினாள். இருமுறை படித்துச் சரிபார்த்தாள். பின்னரே உறுதி செய்தாள். வரும்போது நடுங்கிய விரல்கள் அப்போது நடுங்கவில்லை. மின்னணுவியல் துறையில் அவளுக்கு இடம் கிடைத்தது.

பழுது காணும் நெறி

உடற்பிணிக்கு மருத்துவம் செய்யும் முறையை வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் கூறியுள்ளார். நோய் இன்னது என அறிதல், அது தோன்றிய காரணத்தைத் தேடுதல், தணிக்கும் வழியை ஆராய்தல், பின்னர்ப் பிழையாது செய்தல் என்பன அவர் காட்டும் படிகள். பொறிக்கும் இது பொருந்தும். மருந்து கொடுத்தல் இறுதிப் படியாகவே அமைந்திருப்பதைக் கருதுக. நாமோ பெரும்பாலும் அதனையே முதற்படியாகக் கொள்கின்றோம்.

அன்றைய மாலையிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதிகள் நான்கு. முதலாவது, முழுவதையும் உறுப்புகளாகப் பிரித்து, அருகிலுள்ளதிலிருந்து தொலைவிலுள்ளதை நோக்கிச் செல்லுதல். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்றும் எது கேடு செய்தது என்றும் அறிய இயலாது. மூன்றாவது, மாற்றியதை எழுதி வைத்தல். மாற்றம் பயன் தாராவிடின் பழைய நிலைக்கே மீட்டல். நான்காவது, சான்றின்றிக் கூறப்படும் முடிவை, கூறுபவர் எவரேயாயினும், உடனே ஏற்காமை.

பற்றாது நின்ற வெடியைக் குனிந்து தொடுதல் தகாது என்பதைப் பட்டாசுத் தொழில் நிகழும் இப்பகுதியில் சிறுவரும் அறிவர். பதற்றம் அங்கே உயிருக்கே கேடு செய்யும். கணினியில் உயிர்க்கேடு இல்லை. ஆயினும் பொழுதும் பொருளும் வாய்ப்பும் கெடும். எவ்விடத்தும் பதற்றமே பகை.

முடிவுரை

மறு ஆண்டு அவ்வில்லத்தின் வழியே சென்றேன். திண்ணையில் அம்மாணவி விடுமுறைக்கு வந்து அமர்ந்திருந்தாள். அடுத்த தெருச் சிறுமி ஒருத்தி, மடிக்கணினியோடு அவள் எதிரே நின்றாள். சுவரில் அன்று எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. அட்டை, இயக்கி, தடைப்பொத்தான், பிணைப்பு, முகவரி, பெயர்வழி என்னும் ஆறும் அவள் கையெழுத்தில் இருந்தன. ஏழாவதாக ஒன்றையும் அவளே சேர்த்திருந்தாள்: 'மாற்றும் முன் எழுதுக.'

"கலங்காதே; முதலில் ஒரு தாள் எடுத்துக்கொள்" என்று அவள் அச்சிறுமியிடம் கூறுவது என் செவியில் விழுந்தது. யான் அங்கே நில்லாமல் நடந்தேன். என் துணை அங்கே வேண்டப்படவில்லை.

கிணற்றில் நீர் உண்டு. வாளி வெறிதே வரின், கிணற்றைப் பழியாது கயிற்றையும் வாளியையும் முறையே நோக்குங்கள்.

பயிற்சி

1. போசு 1895-ஆம் ஆண்டில் நிகழ்த்திக் காட்டிய காட்சி யாது?
2. கம்பியில்லா இணைப்பின் ஆறு உறுப்புகளை முறையே எழுதுக. இம்முறையை மாற்றி ஆராயின் நேரும் இடர் யாது?
3. மென்தடை, வன்தடை ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுக.
4. எண்ணால் அழைத்தால் விடை வந்தும், பெயரால் அழைத்தால் விடை வாராமையால் அறியப்பட்டது யாது?
5. 'இரண்டாம் நோய்' எனப்படுவது எது? அது தோன்றிய காரணத்தை விளக்குக.
6. மாணவி தாளில் சேர்த்த ஏழாவது விதியின் இன்றியமையாமையை நும் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றால் விளக்கி ஒரு பக்கக் கட்டுரை வரைக.
7. நும் வீட்டிலுள்ள மிதிவண்டி, மின்விளக்கு, நீரேற்றி என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் பழுதைக் காண வேண்டிய படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.